ஸ்பீச் தெரபி படிக்கக் கிளம்பும் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

"பேசுறதுக்கு எதுக்கு ஆத்தா படிப்பு?" பிளஸ் டூ முடித்த கையோடு நான் ஸ்பீச் தெரபி படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது பள்ளத்தூரில் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது இதைத்தான். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. எங்கள் அப்பத்தாவுக்கு வாதம் வந்து, கை கால் தேறிய பிறகும் பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது புரியும், பதிலும் தெரியும், ஆனால் வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிடும். மதுரையில் ஒரு தெரபிஸ்ட் அம்மா படங்களைக் காட்டிக் காட்டி, சில மாதங்களில் "தண்ணி", "போதும்", "வெளக்கப் போடு" என்று சொல்ல வைத்தார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

படிப்பு கஷ்டம்தான், ஆனால் அதைவிட என்னை அலையவிட்டது காகிதம். எந்தக் கல்லூரி, எந்தச் சான்றிதழ், எந்த மாதம் என்று எடுத்துச் சொல்ல எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள் அந்த அலைச்சலைக் குறைத்துக்கொள்ளத்தான் இது.

1. படிப்பின் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

நீங்கள் தேட வேண்டிய பெயர் பி.ஏ.எஸ்.எல்.பி. பேச்சு, மொழிக் குறைபாடுகளும் காது கேட்டல் பரிசோதனையும் சேர்ந்த இளங்கலைப் பட்டம். மூன்று வருஷம் வகுப்பும் கிளினிக்கும், அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், மொத்தம் நான்கு வருஷம். பேச்சு மட்டும் போதும், காது வேண்டாம் என்று இளங்கலையில் பிரிக்க முடியாது. அந்தப் பிரிவு முதுகலையில்தான் வருகிறது.

பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் இருக்க வேண்டும். மூன்றாவதாக உயிரியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றில் ஒன்று. இது இந்தப் படிப்பை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் வைத்திருக்கும் பொது விதி. சேர்க்கை நடத்தும் இடம் இதைவிட இறுக்கமாகவும் கேட்கலாம், அதனால் அந்தந்தத் தகவல் கையேட்டைப் படித்துவிடுங்கள். உயிரியல் குரூப் எடுத்தவர்களுக்குக் கவலை குறைவு.

இங்கே ஒரு பொறி உண்டு. "ஸ்பீச் தெரபி கோர்ஸ்" என்ற பெயரில் ஒரு வருஷ டிப்ளமா இருக்கிறது, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர் டிப்ளமா இருக்கிறது, ஆறு வார ஆன்லைன் சான்றிதழும் இருக்கிறது. முதல் இரண்டும் நல்ல படிப்புகள்தான், ஆனால் அவற்றை முடித்தால் நீங்கள் தெரபிஸ்ட் ஆக முடியாது, வேறு வேலைக்குத்தான் போக முடியும். மூன்றாவதற்குப் பணம் கட்டுவதற்குப் பதில் அந்தக் காசுக்கு நல்ல ஹெட்போன் வாங்கிக்கொள்ளலாம். கிளினிக் இல்லாமல் தபால் வழியில் இந்தப் பட்டம் தருகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. கல்லூரிக்கு அனுமதி எந்த வருஷம் வரை என்று பாருங்கள்

மேலே சொன்ன இந்திய மறுவாழ்வு கவுன்சிலைத்தான் எல்லாரும் ஆர்.சி.ஐ. என்று சொல்வார்கள். அதன் இணையதளத்தில் அனுமதி பெற்ற கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. நான் செய்த தப்பு, பட்டியலில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. பெயருக்குப் பக்கத்தில் அனுமதி எந்தக் கல்வியாண்டு வரை என்றும் போட்டிருப்பார்கள்.

எனக்கு முதலில் இடம் தருகிறேன் என்ற ஒரு தனியார் கல்லூரியில் அப்பா முன்பணம் கட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பட்டியலைப் பார்த்தால், அவர்களுடைய அனுமதி முந்தைய வருஷத்தோடு முடிந்திருந்தது. கேட்டதற்கு, "புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறோம், வந்துவிடும்" என்றார்கள். வந்திருக்கவும் கூடும். ஆனால் அனுமதி இல்லாத வருஷத்தில் சேர்ந்த மாணவருக்குப் பின்னால் பதிவு எண் கிடைக்காமல் போனால் நான்கு வருஷமும் வீண். பணத்தைத் திரும்ப வாங்க அப்பா மூன்று தடவை பஸ் ஏறினார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் பாருங்கள்: நீங்கள் சேரும் வருஷத்துக்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு அனுமதி, எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம். அந்தப் பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களையும் கல்லூரியில் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே அறிவித்திருக்கிறது. "எல்லாரும் கொடுத்துட்டாங்க தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார்கள். எங்கள் அப்பா ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்பவர், இருபது அறைச் சாவியை இடுப்பில் வைத்திருப்பவர். அவரிடமா வாங்க முடியும்!

3. சான்றிதழ் வேலையை மார்ச்சிலேயே தொடங்குங்கள்

ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லாரும் இருப்பார்கள். மே மாதம் இ-சேவை மையத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் புரியும்.

தேவைப்படுபவை: சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் இ-சேவையில் 60 ரூபாய். எனக்கு மையத்தில் டைப் அடிக்க, ஸ்கேன் எடுக்க என்று கூட இருபது முப்பது ஆனது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று ஏறிப்போகும். ஆன்லைனில் போட்டாலும் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எனக்கு சாதிச் சான்று ஐந்து நாளில் வந்தது, முதல் பட்டதாரிச் சான்றுக்கு மூன்று வாரம் ஆனது. வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். போன வருஷம் அண்ணனுக்கு எடுத்ததை நீட்டாதீர்கள்.

செட்டிநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை மாவட்டம், ராயவரம் பக்கம் போனால் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் தாலுகா. நாங்கள் குடியிருந்தது பள்ளத்தூர், ரேஷன் கார்டு இருந்தது ராயவரத்து முகவரியில். காரைக்குடி தாலுகாவில் போட்ட விண்ணப்பம், "இங்கே வசிக்கவில்லை" என்று திரும்பியது. ரேஷன் கார்டை மாற்றி மறுபடி போடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. வேலைக்காக இடம் மாறி இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. முதலில் கார்டைப் பாருங்கள்.

அடுத்தது பெயர். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அதை ஆங்கிலத்தில் இசட்-எச் போட்டு எழுதியிருந்தார்கள். ஆதாரில் எல். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக. பள்ளிக்கூடத்தில் இது யாருக்கும் பொருட்டில்லை. கவுன்சிலிங், வங்கி, ஆர்.சி.ஐ. மூன்றிலும் பொருட்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எந்த எழுத்தோ அதையே மற்ற எல்லாவற்றிலும் கொண்டுவந்துவிடுங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை, ஆதாரைத் திருத்துவது சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம், மையத்தில் டைப் அடிப்பவர் பக்கத்தில் நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.

வெளிமாநிலத்தில் சேருவதாக இருந்தால் மைக்ரேஷன் சான்றிதழும் வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து வர வேண்டியது அது, டி.சி. அல்ல. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியையும் இப்போதே தொடங்கலாம். மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து மூன்றாவதற்கு ஆறு மாதம் ஆகும். மருத்துவமனையோடு சேர்ந்த படிப்பென்றால் எப்படியும் கேட்பார்கள்.

4. எங்கெங்கே விண்ணப்பிப்பது

காரைக்குடியைச் சுற்றி நான் தேடியபோது இந்தப் படிப்பு கிடைக்கவில்லை. ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும் என்பதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள். வழி மூன்று.

ஒன்று, தமிழ்நாடு அரசின் துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கான கவுன்சிலிங். நடத்துவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு. நான் சேர்ந்த வருஷம் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் கேட்கவில்லை. நர்சிங், பிசியோதெரபி, ரேடியாலஜி எல்லாம் ஒரே விண்ணப்பத்தில் வரும். விருப்பப் பட்டியல் நிரப்பும்போது கவனம்: இடங்கள் குறைவு, சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசு இடங்கள் சீக்கிரம் போய்விடும். உங்களுக்கு இதுதான் வேண்டுமென்றால் இதை மேலே போடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று நர்சிங்கை மேலே போட்ட என் தோழி இன்று நல்ல நர்ஸ். அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை, அது வேறு கதை.

இரண்டு, மத்திய நிறுவனங்களும் பக்கத்து மாநில நிறுவனமும். மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்திய பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இந்தத் துறையில் பெரிய பெயர். மும்பையில் அலி யாவர் ஜங் நிறுவனம். திருவனந்தபுரத்தில் 'நிஷ்' என்னும் கேரள நிறுவனம் இருக்கிறது. இவற்றின் சேர்க்கை முறையும் தேதியும் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கோடு சம்பந்தமில்லாதவை, சிலசமயம் ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பத் தேதி முடிந்துவிடும். மார்ச்சிலிருந்து வாரம் ஒருமுறை அவர்களுடைய தளங்களைத் திறந்து பாருங்கள். மைசூரு தூரமென்று பயப்பட வேண்டாம். மதுரை போய்விட்டால் தூத்துக்குடியிலிருந்து வரும் மைசூரு ரயில் நேராகக் கொண்டுபோய் விடும்.

மூன்று, தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும். சென்னையில் ஸ்ரீ ராமச்சந்திரா, எஸ்.ஆர்.எம்., மெர்ஃப், வேலூரில் சி.எம்.சி. எனச் சில. சி.எம்.சி.க்குச் சேர்க்கை முறை தனி. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவதானால் நான்கு வருஷக் கட்டணத்தையும் எழுத்தில் கேளுங்கள். முதல் வருஷத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு, பல்கலைக்கழகப் பதிவு, லேப், சீருடை என்று அப்புறம் சேர்ப்பார்கள்.

காரைக்குடியில் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்டுகள் வருவார்கள். அவர்கள் சொல்லும் கல்லூரியை இரண்டாம் படியில் சொன்ன பட்டியலில் தேடுங்கள். பாதிப்பேர் அத்தோடு போன் எடுக்க மாட்டார்கள்.

5. பணம்

அரசு ஒதுக்கீட்டில் முதல் பட்டதாரியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. சலுகை அந்தக் கட்டணத்துக்கு மட்டும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வரும். பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கான பொறுப்பாசிரியர் யாரென்று கேட்டுப் பெயரைக் கொடுங்கள், தானாக வராது.

கல்விக் கடனை வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை நாம் கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது பொதுவான விதி. இதில் நான் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. கல்லூரி தந்த போனஃபைடு சான்றிதழில் படிப்புக் காலம் மூன்று வருஷம் என்று போட்டிருந்தார்கள், இன்டர்ன்ஷிப்பைச் சேர்க்கவில்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தவணை தொடங்கும் என்பதால், சம்பளம் பார்ப்பதற்கு முன்பே வங்கியிலிருந்து போன் வந்திருக்கும். "இன்டர்ன்ஷிப் உட்பட நான்கு வருஷம்" என்று எழுதி வாங்குங்கள்.

எனக்குச் சென்னையில் விடுதியும் சாப்பாடும் மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையவில்லை. ஊருக்கு வந்து போவதற்கு விடிகாலைப் பல்லவன் ரயில் போதும், மதியம் எழும்பூர்.

6. முதல் வருஷம்

உடற்கூறியல், உளவியல், மொழியியல், ஒலியியல், கொஞ்சம் மின்னணுவியல். தமிழ் மீடியத்திலிருந்து போனால் முதல் செமஸ்டர் இங்கிலீஷ் நெஞ்சை அடைக்கும். குரல்வளைக் குருத்தெலும்புகளின் பெயர்களை நான் களிமண்ணில் செய்துதான் மனப்பாடம் செய்தேன். செமஸ்டர் தேர்வை ஒத்திப்போடாதீர்கள், இரண்டு அரியர் விழுந்தால் கிளினிக்கும் சேர்ந்து பின்தங்கும்.

7. கிளினிக் மணிநேரம்

படிப்பின் உயிர் இங்கேதான். ஒவ்வொரு நோயாளிக்கும் செலவழித்த நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதி, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று விட்டால் அவர் விடுப்பில் போவார், மாறிப் போவார், உங்கள் நேரம் போய்விடும். மாதம் முடிந்ததும் பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

சாமான் பெரிதாக எதுவும் வேண்டாம். வெள்ளைக் கோட் இரண்டு, சின்ன டார்ச், நாக்கை அழுத்தும் மரப்பட்டைகள் ஒரு பெட்டி, ஸ்டாப்வாட்ச், படக் கார்டுகள். விலையுயர்ந்த தெரபி பொம்மைகளைக் கடையில் வாங்காதீர்கள். நான் வீட்டில் கிடந்த செப்புச் சாமானையும் பல்லாங்குழியையும் எடுத்துப் போனேன். முறை வைத்து விளையாடத் தெரியாத குழந்தைக்குப் பல்லாங்குழியைப் போல் சொல்லித்தரும் பொருள் வேறொன்றில்லை. "உன் முறை, என் முறை" என்று சோழி போட்டுப் போட்டே ஒரு பையன் "என்" என்று சொல்லத் தொடங்கினான்.

ஒலிப்பதிவு எடுக்கும்போது இடத்தைப் பாருங்கள். முதல் வருஷ லீவில் பயிற்சிக்காக அப்பத்தாவின் பேச்சைப் பதிவுசெய்யலாமென்று, அப்பா பார்த்துக்கொள்ளும் வீட்டின் பட்டாலையில் உட்கார வைத்தேன். ஆத்தங்குடிக் கல் தரை, உயரமான கூரை, கல் தூண். போட்டுக் கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அதே சொல் இன்னொரு முறை வந்தது, நடுநடுவே புறா வேறு. அப்புறம் நெல் மூட்டை அடுக்கிய சின்ன அறைக்குள் போய் எடுத்தோம், கச்சிதமாக விழுந்தது. காது பரிசோதனை அறையில் ஏன் சுவரெல்லாம் மெத்தென்று இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

தமிழ் தெரிந்த மாணவருக்கு இங்கே பெரிய அனுகூலம், அதிலேயே ஒரு குழியும் இருக்கிறது. என் முதல் கேஸ் ஒரு ஆறு வயதுப் பையன், தேவகோட்டைப் பக்கத்துக் குடும்பம். "பழம்" படத்தைக் காட்டினால் "பளம்" என்றான். "காக்கா"வுக்கு "தாத்தா" என்றான். இரண்டையும் பிழைப் பட்டியலில் எழுதினேன். மேற்பார்வையாளர் படித்துவிட்டு, "இவங்க அம்மாவை 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லு" என்றார். அம்மாவும் "வாளப்பளம்" என்றார். நானும் வீட்டில் அப்படித்தான் சொல்வேன், வெள்ளைக் கோட் போட்டதும் மறந்துவிட்டது! 'ழ' 'ள'வாக மாறுவது ஊர் வழக்கு, 'க' 'த'வாக மாறுவது அந்த வயதில் சரிசெய்ய வேண்டிய குறை. முதலாவதை அடித்துவிட்டார், இரண்டாவதுக்கு மட்டும் தெரபி. வீட்டார் பேச்சைக் கேட்காமல் குழந்தையின் பிழையை எழுதாதீர்கள்.

8. இன்டர்ன்ஷிப்

எங்கே போட்டாலும், பேச்சும் காதும் இரண்டும் வரும் இடமா என்று பாருங்கள். காது மெஷின் விற்கும் இடத்தில் மட்டும் ஒரு வருஷம் உட்கார்ந்தால் விற்கத்தான் கற்றுக்கொள்வீர்கள். விடுப்பு எடுத்த நாட்களைக் கூட்டி ஈடு செய்யச் சொல்வார்கள், முடிவுத் தேதி தள்ளிப் போகும். முடிப்புச் சான்றிதழில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் இருக்க வேண்டும்.

9. பதிவு எண் இல்லாமல் வேலையைத் தொடாதீர்கள்

பட்டம் வாங்கியதோடு முடியவில்லை. ஆர்.சி.ஐ.யின் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறி எண் வர வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "எண் வரும்வரை சும்மா வந்து பாரும்மா" என்று ஊரில் ஒரு கிளினிக்கில் என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை.

ஆன்லைனில்தான் விண்ணப்பம். பத்து, பன்னிரண்டு சான்றிதழ்கள், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், தற்காலிகப் பட்டச் சான்று, இன்டர்ன்ஷிப் முடிப்பு, அடையாள அட்டை, போட்டோ, கையெழுத்து. ஸ்கேனை நீங்களே நிதானமாக எடுங்கள். என் விண்ணப்பம் ஒருமுறை திரும்பியது, ஒரு செமஸ்டர் பட்டியலின் பின்பக்கத்தை விட்டுவிட்டேன். தற்காலிகப் பட்டச் சான்று பல்கலைக்கழகத்திலிருந்து வரத்தான் நாளாகும், இன்டர்ன்ஷிப் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அதற்கு என்னென்ன வேண்டுமென்று அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

பதிவு ஐந்து வருஷத்துக்குச் செல்லும். புதுப்பிக்கத் தொடர்பயிற்சிப் புள்ளிகள் வேண்டும், அங்கீகரித்த பயிலரங்குகளுக்குப் போனால் சேரும். ஒவ்வொன்றின் சான்றிதழையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

எண் வந்ததும் முதலில் பெயரைச் சரிபாருங்கள். எனக்கு இசட்-எச்-தான் வந்திருந்தது.